மூன்று பெயரில் ஒரே ரத்தம்

வெள்ளிக்கிழமை, இரவு

இன்று எனக்கு ஒரே சந்தோஷம். ஆணுறை இல்லாமல் போன அந்த ஒரு நாளுக்காக நாலு மாதமாகச் செத்துச் செத்துப் பிழைத்தேன். தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்று மாம்பலம், கே.கே. நகர், அடையாறு என மூன்று லேபில் மூன்று பொய்ப் பெயரில் எச்.ஐ.வி. டெஸ்ட் எடுத்தேன். எல்லாமே நெகட்டிவ்தான். ஆனால் ரிப்போர்ட்டில் பெயரைப் பார்த்ததும், வேறு எவனோ தப்பித்துவிட்டான் என்றே தோன்றும்.

இன்று அரசு மருத்துவமனை ஆலோசகர் அக்காவிடம் மூன்றையும் நீட்டி, உண்மையைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"கடைசி டெஸ்ட்டு மூணு மாசம் தாண்டி எடுத்துக்கீற. இனிமே சந்தேகமே வேணாம். கார்த்திக், ரமேஷ், சலீம் மூணு பேருக்கும் ஒண்ணுமில்ல. உன் நெஜப் பேரு இன்னா?"

"முரளி."

"அவனுக்கும் ஒண்ணுமில்ல. போய்த் தூங்கு நைனா."

எங்கே தூங்குவது!