கோடு போட இரண்டு பேர்

இன்று காலை எங்கள் தெருவில் சுண்ணாம்புத் தூள் வாசம். ஆர்.எஸ்.புரத்தில் இந்த வாசம் வந்தால் யாரோ பெரிய மனிதர் வருகிறார் என்று பொருள். சாக்கடை ஓரமாக ஒரு வெள்ளைக் கோடு போட்டுவிட்டால் சாக்கடை வருகிறவர் கண்ணுக்குத் தெரியாது என்பது இங்கே நெடுநாளைய நம்பிக்கை. ஒரே ஓர் ஆள், இடுப்பில் இரும்புச் சட்டி, கையால் அள்ளி அள்ளித் தூவிக்கொண்டு போனார். கோடு நகைக்கடை வாசலுக்குள் போகப் பார்த்தது, பிறகு மனம் மாறி நடுத்தெருவுக்கு வந்தது.

மாடியில் காப்பித் தம்ளரோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உடனே நீங்கள் வந்துவிட்டீர்கள். போய்ச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன, அதற்குள் என் காலைக் காப்பியிலும் பங்கு. உயிரோடு இருந்தபோதும் இப்படித்தான். எனக்கென்று நான் வைத்திருந்த எந்த இடத்தையும் நீங்கள் விட்டுவைத்ததில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் கருமத்தம்பட்டிப் பக்கத்து எங்கள் உயர்நிலைப் பள்ளிக்கு உடற்கல்வி ஆசிரியராக வந்தீர்கள். காங்கேயத்துக்காரர். இரண்டு பஸ் மாறி வந்தும் சட்டை கசங்காது. பெற்றோர் ஆசிரியர் கழகம் தன் செலவில் வைத்துக்கொண்ட வேலை, ஒவ்வோர் ஏப்ரலிலும் கழகம் கூடிப் புதுப்பித்தால்தான் உண்டு. கழகத்தின் தலைவர் விசைத்தறிக் கூடம் வைத்திருந்தவர். உங்களை எதற்காக எடுத்தார்கள் என்பதைத் தலைமையாசிரியர் அறையில் அவர் சொன்னபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"ஓடறதும் தாண்டறதும் நம்ம பசங்களுக்கு யாருஞ் சொல்லித்தர வேண்டாமுங்க. அடிக்கறதுக்கு ஒரு ஆளு வேணுமுங்க."

அதுதான் பள்ளியின் வழக்கம். எந்த வகுப்பில் என்ன தப்பு நடந்தாலும் செய்தவனைப் பி.டி. சாரிடம் அனுப்புவோம். அவன் உள்ளங்கையைத் தொடையில் தேய்த்துக்கொண்டு திரும்பி வருவான். நான் வரலாற்று ஆசிரியர், பள்ளி ஒழுங்குக் குழுவின் தலைவர். குழுவில் வேறு யாரும் கிடையாது. நான் வராந்தாவில் நடந்தால் இரண்டு பக்கத்து வகுப்புகளும் அடங்கும். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டிருந்தேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

முதல் நாள் நான் அனுப்பிய பையன் உள்ளங்கையைத் தேய்க்காமல் திரும்பி வந்தான். மதியம் ஆசிரியர் அறைக்கு நீங்களே வந்தீர்கள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ஏனுங்க சார், தப்புப் பண்ணுனவன அனுப்புனீங்க, சரிங்க. அவங்கூட ஒரு நல்ல பையனையும் சேத்து அனுப்புனீங்கன்னா நல்லா இருக்குமுங்க."

"நல்ல பையன் எதுக்கு?"

"கிரவுண்டுல கோடு போடோணுமுங்க. ஒத்த ஆளு போட்டா கோணிப் போயிருமுங்க. ஒருத்தன் கவுறு புடிக்கோணும், ஒருத்தன் தூள் போடோணும்."

"ரெண்டு கெட்டவனா அனுப்பினா ஆகாதா?"

"தூளு பூராவும் மூஞ்சிலதானுங்க இருக்கும், தரைக்கு வராதுங்க."

அறையே சிரித்தது. அந்த அறையில் எத்தனையோ வருடமாக நான்தான் நகைச்சுவைக்குப் பொறுப்பு. என் நகைச்சுவைக்கு அவர்கள் தலையாட்டுவார்கள். அவர்களுக்குச் சிரிக்கவும் தெரியும் என்பதை அன்றுதான் கண்டேன்.

போகும்போது இன்னொன்றும் சொன்னீர்கள். "எவன் எதுக்கு வந்தான்னு எனக்குச் சொல்ல வேண்டாமுங்க. கிளாஸ்லயும் சொல்ல வேண்டாமுங்க. எனக்குத் தெரிஞ்சா கை சும்மா இருக்காதுங்க."

செலவில்லாத எதையும் ஆதரிக்கும் நம் தலைமையாசிரியர் மறுவாரமே இதைப் பள்ளி முழுவதற்கும் உத்தரவாக்கினார். ஒருவனை அனுப்பினால் இருவராக அனுப்ப வேண்டும். இரண்டாமவன் ஏதாவது நல்லது செய்திருக்க வேண்டும்.

அப்போதுதான் எங்கள் கஷ்டம் ஆரம்பமானது. தப்பைக் கண்டுபிடிக்க எங்களுக்குப் பழக்கம் உண்டு. நல்லதைக் கண்டுபிடிக்கக் கண் பழகவில்லை. அறிவியல் டீச்சர் எண்ணெய் வைத்துத் தலைவாரிய ஒரே பெண்ணை மாதம் முழுக்க அனுப்பினார். தமிழ் ஐயா, சளி பிடித்தும் இருமாமல் இருந்த குற்றத்துக்காக ஒருவனை அனுப்பினார். நான் வீட்டில் அலமாரி நிறைய வரலாறு வைத்திருப்பவன். எந்தப் பேரரசும் ஒழுங்காக நடந்தவனைத் தேடிப் பிடித்து அரண்மனைக்கு இழுத்துவந்ததாக எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு முன்மாதிரியே கிடையாது.

பிள்ளைகள் எங்களைவிட வேகமாகப் புரிந்துகொண்டார்கள். ஒருவன் மாட்டினால் அடுத்து ஒரு நல்லவன் தேடப்படுவான் என்று தெரிந்ததும், மாட்டிய நொடியில் வகுப்பு முழுக்க நிமிர்ந்து உட்காரும். கீழே கிடந்த பென்சிலுக்குத் திடீரென்று நாலு பேர் குனிவார்கள். ஆறாம் வகுப்புப் பொடியன்கள் தண்ணீர்த் தொட்டியருகே "நீங்க குடிங்க", "இல்லீங், நீங்க குடிங்க" என்று ஒருவரையொருவர் வேண்டிக்கொண்டு, மணி அடித்துவிட, யாரும் குடிக்காமல் வகுப்புக்குப் போனார்கள். எல்லாம் நடிப்பு என்று உங்களிடம் புகார் சொன்னேன்.

"நடிக்கட்டுமுங்க சார்," என்றீர்கள். "நாம மட்டும் இன்ஸ்பெக்சனுக்கு என்னங்க பண்றோம்?"

பொங்கலுக்குள் பள்ளியே மாறியிருந்தது. "பி.டி. சார் கூப்பிடறாரு" என்றால் முன்பு பையன்கள் போகும்போதே உள்ளங்கையைத் தேய்க்க ஆரம்பிப்பார்கள். இப்போது நான் முந்தி, நீ முந்தி என்று ஓடினார்கள். போன இருவரில் யார் தப்பு, யார் நல்லது என்று யாருக்கும் தெரியாது. வெள்ளை படிந்த கைகளோடு இரண்டு பேரும் ஒரே மாதிரி திரும்பி வருவார்கள். காலையில் நீங்கள் பஸ்ஸை விட்டு இறங்கினால் பையைப் பிடுங்கிக்கொள்ள ஒரு கூட்டம் நிற்கும். அதே பஸ்ஸின் பின்வாசலில் நானும் இறங்குவேன். என் பையையும் ஒருவன் வாங்கிக்கொள்வான். அது வகுப்புத் தலைவனுக்கு நான் போட்ட வேலை.

சரவணன் விஷயத்துக்கு வருகிறேன். பத்தாம் வகுப்பு, கழகத் தலைவரின் மகன். தறி ஓடும் வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு மெதுவாகப் பேச வராது. ரகசியத்தையும் தெருவுக்குக் கேட்கும்படிதான் சொல்வார்கள். அவன் தொண்டை தாங்காமல் கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரு குட்டை பெஞ்சை வகுப்பைப் பார்த்தபடி போட்டு அங்கே உட்கார வைத்திருந்தேன். ஒருநாள் பாடத்தின் நடுவே சட்டென்று திரும்பினால், பையன் என் முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லாமல் வாயசைத்துக்கொண்டிருக்கிறான். என்னைப் போலவே. கையைக்கூட என்னைப் போலவே ஆட்டுகிறான்.

"போடா, பி.டி. சார்கிட்ட!"

கூட அனுப்ப நல்லவனைத் தேட வேண்டியிருக்கவில்லை. கடைசி வரிசையில் முருகேசன் இருந்தான். தறியில் கூலிக்கு நெய்கிறவரின் மகன். என் வகுப்பில் கண் கொட்டாமல் என்னையே பார்க்கும் ஒரே மாணவன். பரீட்சையில் மற்ற பாடங்களில் தடுமாறினாலும் வரலாற்றில் தேறிவிடுவான். நான் நடத்தும் விதம் அப்படி என்று நினைத்திருந்தேன்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் நீங்கள் என் பக்கத்தில் வந்து நின்றீர்கள்.

"சார், அந்த ரெண்டு பேரும் கவுத்துக்கு அந்தக் கடைசி ஒருத்தன், இந்தக் கடைசி ஒருத்தன் நின்னானுங்க. ஒரு சத்தமில்லீங்க. வாய மட்டும் அசைக்கறானுங்க. கோடு அத்தன நேரா வந்துச்சுங்க."

"தறிக் கூடத்துச் சத்தத்துல அப்படித்தான் பேசிக்குவாங்க. அதுக்கென்ன?"

"அதுக்கில்லீங்க. பின்னால நின்னு முருகேசனக் கூப்புட்டேனுங்க, திரும்பல. முன்னால வந்து கூப்புட்டேன், 'என்னங் சார்'ங்கறான். நாளைக்குக் கிளாஸ்ல அவன் உங்களப் பாக்கறானா, வேற எங்கியாச்சும் பாக்கறானான்னு பாருங்க."

மறுநாள் பார்த்தேன். முருகேசன் கண் கொட்டாமல்தான் பார்த்தான். நான் இரண்டடி நகர்ந்தேன். அவன் கண் என்னோடு நகரவில்லை. சரவணனின் உதட்டிலேயே நின்றது. காதில் சீழ் வைத்துச் செவி மந்தமாகியிருந்ததை முருகேசன் வீட்டிலும் சொல்லவில்லை, பள்ளியிலும் சொல்லவில்லை. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு நான் பேசியதையெல்லாம் சரவணன் என் முதுகுக்குப் பின்னாலிருந்து அவனுக்கு வாயசைத்துச் சொல்லிக்கொண்டிருந்தான். மற்ற பாட வகுப்புகளில் சரவணனுக்கு அந்த முன் பெஞ்சு கிடையாது. அதனால் முருகேசன் அங்கெல்லாம் தேறவில்லை. ஆக, என்னைக் கண் கொட்டாமல் கவனித்த ஒரே மாணவன் என்னைக் கவனித்ததே இல்லை.

அன்றும் இருவரையும் உங்களிடம் அனுப்பினேன். இந்த முறை நல்லவன் சரவணன். முருகேசனை எந்தக் கணக்கில் அனுப்புவது என்று தெரியவில்லை, என் மனவருத்தத்தின் கணக்கில் அனுப்பினேன். நீங்கள் அடுத்த நாளே அவனைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனீர்கள். எல்லா வகுப்பிலும் அவனுக்கு முதல் பெஞ்சு என்றானது. பள்ளியில் எல்லோரும் உங்களைக் கொண்டாடினார்கள். அவனை முதலில் அனுப்பியது நான் என்பது யாருக்கும் நினைவில்லை.

ஏப்ரல் வந்தது. கழகக் கூட்டம். தேநீர், வர்க்கி, உங்கள் வேலை. தலைவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"வருசம் முடிஞ்சுதுங்க. ஒருத்தன் கை செவந்து நான் பாக்கல. பசங்களக் கூட்டிட்டு வெள்ளையடிச்சுட்டு இருக்கறாரு. இதுக்கு எதுக்குங்க ஒரு சாரு? என்ற பையனையே எத்தனையோ வாட்டி அனுப்பியிருக்கறாங்க. தப்புக்கா, நல்லதுக்கான்னு கேட்டா அவனுக்கே தெரியலீங்க!" பெற்றோர் சிரித்தார்கள். அவர் என் பக்கம் திரும்பினார். "சார், அனுப்புனது நீங்கதானுங்களே? நீங்க சொல்லுங்க. எதுக்குங்க?"

நீங்கள் கடைசி நாற்காலியில், கால்சட்டை ஓரத்தில் சுண்ணாம்போடு, தம்ளரைப் பார்த்துக்கொண்டு இருந்தீர்கள். 'தப்புக்கு' என்று ஒரு வார்த்தை போதும். காங்கேயம் பஸ் உங்களை ஏற்றிக்கொண்டு போய்விடும், வராந்தா திரும்பவும் என்னுடையதாகிவிடும். அதை நான் நினைத்துப் பார்க்கவில்லை என்று எழுதினால் வரலாற்று ஆசிரியனே வரலாற்றைத் திருத்தியதாகும்.

"ரெண்டுக்கும்தான் அனுப்பினேனுங்க," என்றேன்.

"அதெப்படிங்க ரெண்டுக்கும்?"

"மொதல்ல தப்புன்னு அனுப்பினேன். அப்புறம் நல்லதுன்னு அனுப்பினேன். ரெண்டு தடவையும் அவன் செஞ்சது ஒரே காரியமுங்க."

நடந்ததைச் சொன்னேன். தலைவர் எதிர் வரிசையில் இருந்த இன்னொரு தறிக்காரரைப் பார்த்துச் சத்தமில்லாமல் உதட்டை அசைத்தார். அவர் தலையாட்டினார். என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை. உங்கள் வேலை புதுப்பிக்கப்பட்டது. கூட்டம் முடிந்ததும் தலைவர் எழுந்து வந்து இரண்டு கையாலும் கையைப் பிடித்துக்கொண்டார். உங்கள் கையை. பேசியது நான்.

பஸ் நிறுத்தத்தில் நீங்கள் நன்றி சொல்வீர்கள் என்று காத்திருந்தேன். "சார், நாளைக்குக் கபடிக் கோர்ட்டு போடோணும், ரெண்டு பேர அனுப்புங்க" என்றீர்கள். நன்றி சொல்லியிருந்தால் உங்களைக் கொஞ்சம் குறைவாக மதித்திருக்கலாம். அதற்கும் வழி விடவில்லை.

காங்கேயத்தில் உங்கள் காரியத்துக்கு வந்திருந்தேன். பந்தல் கொள்ளாத கூட்டம். நரைத்தவர்கள், தொந்தி வைத்தவர்கள், மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள், எல்லோரும் ஒரு காலத்தில் கயிறு பிடித்தவர்கள். தப்புக்கு வந்தவன் எவன், நல்லதுக்கு வந்தவன் எவன் என்று இப்போதும் தெரியவில்லை. எனக்கு இதில் பாதிக் கூட்டம் வருமா என்று யோசித்தேன். சாவு வீட்டில் யோசிக்கத் தகாத விஷயம்தான். ஆனால் கூட்டம் சேர்த்தது நீங்கள்.

பந்தலின் அந்தக் கோடியில் முருகேசன், இந்தக் கோடியில் சரவணன். காதில் கருவி வந்த பிறகும் அவர்கள் பழைய பேச்சை விடவில்லை. அந்த ஏப்ரல் கூட்டத்துக்குப் பிறகு வீம்புக்காகக் கண்ணாடி முன் நின்று நானும் அதைக் கொஞ்சம் பழகியிருந்தேன், உங்களுக்குத் தெரியாது. சரவணன் உதடு அசைந்தது. படித்தேன்.

'ஹிஸ்டரி சாருக்கு வெயிலடிக்குது பாரு. சேர நவுத்திப் போடு.'

முருகேசன் வந்து என் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினான். யாரும் பார்க்காத இடத்தில் நல்லது செய்கிற பழக்கம். அதுவும் உங்கள் பெயரில்தான் எழுதப்படும்.

இன்று காலை காப்பியை வைத்துவிட்டுக் கீழே இறங்கிப் போனேன். வீட்டில் துணிக்கொடிக்கு வைத்திருந்த கயிற்றை எடுத்துக்கொண்டேன். "ஏனுங்க, ஒத்த ஆளு போட்டாக் கோணிப் போயிருமுங்க" என்று தூள் தூவுகிறவரிடம் சொல்லி, ஒரு முனையைக் கம்பத்தில் கட்டச் சொன்னேன், மறுமுனையை நான் இழுத்துப் பிடித்துக்கொண்டேன். குனிந்து தூவிக்கொண்டே போனார். எனக்கு முதுகு வலித்தது. தெருமுனை வரைக்கும் கோடு நேராக வந்தது.

நிமிர்ந்து பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "நல்லா வந்திருக்குதுங்க சார். யாருங்க இப்படிச் சொல்லிக்குடுத்தது?"

என் கையெல்லாம் வெள்ளை. கொஞ்சம் யோசித்தேன்.

"நானாக் கத்துக்கிட்டதுங்க," என்றேன்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். மற்றதெல்லாம் உங்கள் பெயரில்தானே.