இருபத்தேழு கால்சட்டையும் ஒரு டிரம்மும்

புதன்கிழமை, சாயங்காலம் ஐந்தரை மணி

மகாராணி சமூகத்துக்கு,

உன் வீட்டுக்காரன் எழுதிக்கொள்வது. நான் இங்கே சௌக்கியம். நீ அங்கே சௌக்கியம் என்று உங்க அண்ணன் சொல்லித்தான் தெரியும். மூன்று தடவை போன் பண்ணினேன். மூன்று தடவையும் அவர்தான் எடுத்தார். "அவ தூங்கறா மாப்ளே" என்றார். காலை பதினொரு மணிக்கு ஒரு தூக்கம், பகல் ஒரு மணிக்கு ஒரு தூக்கம், சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு தூக்கம். பத்தொன்பது நாளாக இப்படித் தூங்கினால் உடம்பு என்னத்துக்கு ஆகும்? அதனால்தான் கடிதம். தபால்காரரிடம் போய் யாரும் "அவ தூங்கறா" என்று சொல்ல முடியாது பார்.

என் எழுத்து உனக்குப் புதுசில்லை. ஐந்தாம் வகுப்போடு நானும் பள்ளிக்கூடமும் சமாதானமாகப் பிரிந்துவிட்டோம். புள்ளி விட்டுப்போன இடத்தில் நீயே வைத்துக்கொள்.

சின்னவள் பள்ளிக்கூட பேண்டு குழுவோடு பத்திரமாக வந்து சேர்ந்துவிட்டோம். கூட வரும் பெற்றோர் என்று நீ எழுதிக் கொடுத்த படிவத்தில் உன் பெயர்தான் இருந்தது. அதனால் பஸ்ஸில் ஏறினதுமே கண்ணாடி டீச்சர் என் கையில் பெண்பிள்ளைகள் பட்டியலையும் ஒரு டப்பா ஹேர்பின்னையும் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் என் மீசையைப் பார்த்தார். "பரவால்ல சார், நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார். இதுவரை ஆறு பெண்களுக்குத் தலை பின்னியிருக்கிறேன். தையல்காரன் பின்னல், சாமானியத்தில் அவிழாது. ஒருத்தி நேற்றிலிருந்து அவிழ்த்துக்கொண்டிருக்கிறாள்.

உன் மகள் புறப்படும் முன்பே என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். "அப்பா, அங்க யாரையும் கிண்டல் பண்ணக் கூடாது. யாரு மாதிரியும் நடிச்சுக் காட்டக் கூடாது. பண்ணீங்கன்னா நான் பஸ்ஸ விட்டு எறங்கிப் போயிட்டே இருப்பேன். அம்மா மாதிரி." கடைசி இரண்டு வார்த்தை மட்டும் சுருக்கென்று இறங்கியது. ஊசியை எந்த இடத்தில் குத்த வேண்டும் என்பது அவளுக்கும் கைவந்துவிட்டது. தையல்காரன் மகள் இல்லையா?

நாளைக்குப் போட்டி. மைதானத்தின் கேட்டிலிருந்து மேடை வரைக்கும் வாசித்துக்கொண்டே நடக்க வேண்டும். சின்னவளுக்குப் பெரிய டிரம். அதை மாட்டிக்கொண்டால் பின்னால் ஒரு பெண் இருப்பதே தெரியாது, டிரம்முக்குக் கால் முளைத்து நடப்பது போல இருக்கும். அவள் அடிக்கிற அடிக்குத்தான் எல்லோருடைய காலும் எழும்ப வேண்டும். போன வருஷம் பாதி மைதானத்தில் கை விறைத்து நின்றுபோனாளே, பின்னால் வந்த பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் வந்து மோதினார்களே, அது உனக்கு மறந்திருக்காது. இரண்டு மாசம் குச்சியைத் தொடாமல் இருந்தவளை உன் மடியில் தலையணையை வைத்து நீதான் மறுபடி அடிக்க வைத்தாய். பேண்டு மாஸ்டர் நேற்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். "இந்தத் தடவை ஒரு அடி தப்பினாலும் அடுத்த வருஷம் டிரம் வேற ஆளுக்கு." அவள் தலையை ஆட்டினாள். ராத்திரிச் சாப்பாட்டில் பாதியை என் தட்டில் தள்ளிவிட்டாள்.

இவர்களிடம் ஒரு பெரிய பித்தளைக் குழாய் இருக்கிறது. ஒரு குண்டுப் பையன் தோளில் மாட்டிக்கொண்டு ஊதுகிறான். அந்தச் சத்தத்தைக் கேட்டால் நம்ம வீட்டுக் கட்டிலும் அதன் மேலே நீயும்... இல்லை, இந்த வரியை அடித்துவிட்டேன். அடித்ததைப் படிக்காதே. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் படிக்காதே. ஆனாலும் ஒரு குறட்டைக்காகப் பத்தொன்பது நாள் கோபம் கொஞ்சம் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, ஒரு நல்ல சமாசாரம். நாங்கள் தங்கியிருப்பது விடுமுறை விட்ட ஒரு பள்ளிக்கூடம். பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுப் படுக்கிறோம். பக்கத்து அறை தையல் வகுப்பு! நாலு சாதா மிஷின், ஒரு ஓவர்லாக். தைத்துக்கொண்டே ஓரத்துத் துணியைச் சரக் சரக்கென்று நறுக்கித் தள்ளுமே, அதுதான். நம்ம கடைக்கு ஒன்று வேண்டும் என்று பத்து வருஷமாகப் புலம்புகிறேனே, அது இங்கே சும்மா தூங்குகிறது, உன்னை மாதிரி.

இன்று காலையில் பிள்ளைகளின் புதுக் கருநீல யூனிபாரத்தைப் பிரித்தார்கள். ஏதோ பெரிய கடையில் மொத்தமாக எடுத்ததாம். மேல் சட்டை பரவாயில்லை. கால்சட்டை? ஒரு காலுக்குள் இரண்டு பேர் குடித்தனம் பண்ணலாம். உன் மகள் என் வாயைத்தான் கட்டியிருக்கிறாள், கை சும்மா இருக்குமா? "கொடுங்க, நான் பிடிச்சுத் தரேன்" என்றேன். ஒவ்வொருவரையும் விறைப்பாக நிற்கவைத்து, சாக்பீஸால் கோடு போட்டு, காலையிலிருந்து இப்போது வரைக்கும் தைத்தேன். "இன்னும் கொஞ்சம் டைட்டா, டெய்லர் தாத்தா" என்று பிள்ளைகள் கேட்கக் கேட்க எனக்கும் உற்சாகம். மொத்தம் இருபத்தேழு பிள்ளைகள். உன் மகள் மட்டும் தரவில்லை. "எனக்குத் தொளதொளன்னு இருந்தாத்தான் பிடிக்கும்" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள். பெற்றவனுடைய தொழில் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஆனால் மாஸ்டர் தன்னுடையதைக் கொண்டுவந்து கொடுத்தார். போட்டுப் பார்த்துவிட்டு ஜன்னல் கண்ணாடியில் முன்னே ஒரு தடவை, பின்னே ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். ஆக மொத்தம் இருபத்தேழு. நாளைக்கு மைதானமே வாய் பிளக்கப் போகிறது.

தபால் ஆபீஸ் பூட்டியாகிவிட்டதாம். நாளைக்குப் போடுகிறேன்.


வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி

என் வீட்டுக்காரிக்கு,

நேற்று எழுதினதைக் கிழித்துப் போடலாம் என்று நினைத்தேன். கிழிக்கவில்லை. இதையும் அதோடு மடித்து அனுப்புகிறேன். முதலில் அதைப் படி, நன்றாகச் சிரித்துக்கொள், பிறகு இதைப் படி.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தத் தவளை வாயை மூடிக்கொண்டு கையால் கெட்டது.

நாற்பது வருஷமாக நான் தைப்பது ஆபீஸ் போகிறவர்களுக்கு. அவர்கள் நிற்பார்கள், நடப்பார்கள், உட்கார்வார்கள். பேண்டு பிள்ளைகள் அப்படியா? முட்டியை இடுப்பு வரைக்கும் தூக்கித் தூக்கி வைக்கிறார்கள். ஒத்திகையெல்லாம் அரைக்கால் சட்டையில் நடந்ததால் எனக்கு அது உறைக்கவே இல்லை. விறைப்பாக நிற்கிற காலுக்கு அளவெடுத்துவிட்டு, எழும்புகிற காலை மறந்துவிட்டேன். அது போதாது என்று, "உள்ளே துணி விடு, உள்ளே துணி விடு" என்று ஊருக்கே உபதேசம் பண்ணுகிறவன், அந்த ஓவர்லாக் மோகத்தில் மிச்சத் துணியை ஒட்ட நறுக்கியிருக்கிறேன். பிரித்துவிடலாம் என்றால் பிரிக்க ஒன்றும் இல்லை.

காலை பத்து மணிக்கு நம் குழு. மாஸ்டர் முன்னால் வெள்ளிப்பூண் கோலோடு. அவருக்கு இரண்டடி பின்னால் டிரம். அதற்குப் பின்னால் வரிசை வரிசையாக என் கைவேலை. டம் டம் என்று உன் மகள் ஆரம்பித்தாள். இருபது அடி வரைக்கும் ராஜ நடை. பக்கத்தில் இருந்த ஒரு அப்பாவை முழங்கையால் இடித்து, "கால்சட்டையப் பாருங்க" என்று நான் சொன்னது உண்மை. சொல்லி வாயை மூடவில்லை, நடுவர்கள் பார்க்கிறார்கள் என்று மாஸ்டர் முட்டியை இன்னும் ஒரு சாண் தூக்கினார்.

சர்ர்ர்.

மற்றவர்களுக்கு அது கேட்டிருக்காது. எனக்கு என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி கேட்டது. கருநீலத்துக்கு நடுவே ஒரு முழம் வெள்ளை. தூக்கின கோல் தூக்கினபடி மாஸ்டர் நின்றுவிட்டார். பின் வரிசையில் இன்னும் இரண்டு சர்ர்.

டிரம் நின்றது.

நான் உன் மகள் கையைத்தான் பார்த்தேன். குச்சி அந்தரத்தில் இருந்தது. போன வருஷம் நின்றாளே, அதே மாதிரி. இவள் மறுபடி நின்றால், அதற்குக் காரணம் அவள் பயம் இல்லை, பெற்ற அப்பன். நீ இல்லையே என்று நினைத்தேன். சத்தியமாக அதைத்தான் நினைத்தேன்.

அப்புறம் டம் என்று ஒன்று கேட்டது. நல்லா மூச்சு விடுகிற நேரம் கழித்து இன்னொரு டம். பாதி வேகம். பாதிகூட இல்லை. அந்த வேகத்துக்கு முட்டி தூக்க முடியாது, பாதத்தைத் தேய்த்துத் தேய்த்துத்தான் வைக்க முடியும். அடித்துக்கொண்டே அவள் இரண்டடி முன்னால் போய் டிரம்மை மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒட்டவைத்தாள். வெள்ளை மறைந்துவிட்டது. "சார், நடங்க. நான் பின்னாடி இருக்கேன்" என்றாளாம், முன் வரிசைப் பெண் சொன்னாள். அவளுடைய கால்சட்டைக்கு ஒன்றும் இல்லை, யோசித்துப் பார். தொளதொளவென்று அப்படியே இருந்தது. அவள் பாட்டுக்குச் சரியான வேகத்தில் அடித்து, ஒரு அடி தப்பாமல் மேடைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம். யாரும் அவளைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

துள்ளலான பாட்டு அது. இந்த வேகத்தில் வாசித்ததும் மகா சோகமாகிவிட்டது. கூட்டத்தில் இரண்டு பெரியவர்கள், யாருக்கோ மரியாதை செய்கிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்து எழுந்து நின்றார்கள். அவர்களைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். நானும் எழுந்தேன். என் கண்ணில் தண்ணீர். தூசி நிறைய உள்ள மைதானம்.

நாலாவது இடம். மொத்தம் நாலு பள்ளிக்கூடம்தான், ஐந்தாவது பள்ளிக்கூடத்தின் பஸ் வழியில் படுத்துவிட்டது. ஆனால் நடுவர் ஒருவர் "நடையில் கம்பீரம்" என்று எழுதியிருக்கிறார்.

மேடைக்குப் பின்னால் ஓடினேன். மாஸ்டர் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார். அவர் வாயைத் திறக்கும் முன்னால் நானே சொல்லிவிட்டேன், எல்லாப் பெற்றோரும் கேட்க, கண்ணாடி டீச்சரும் கேட்க. "தப்பு என்னோடது. பிள்ளைங்க மேலயோ டிரம் மேலயோ ஒரு தப்பும் இல்ல. திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க." அவர் திட்டவில்லை. மெதுவாக, "பெரியவரே, ஊசி நூல் இருக்கா?" என்றார்.

அவரைச் சுவர் பக்கம் திருப்பி நிற்கவைத்து, நான் மண்டி போட்டு உட்கார்ந்து தைத்தேன். யோசித்துப் பார். ஊரையே கிண்டல் பண்ணுகிறவன் கைக்கு எட்டுகிற தூரத்தில் அப்படி ஒரு காட்சி! நாக்கு நுனி வரைக்கும் மூன்று ஜோக் வந்தது. மூன்றும் நல்ல ஜோக். நிமிர்ந்து பார்த்தேன். மனுஷனுக்குப் பின்னாலிருந்து காது மட்டும் தெரிந்தது. செக்கச் செவேல் என்று இருந்தது.

அன்றைக்கு உன் ஆபீஸ்காரர்கள் நம்ம வீட்டுக்கு வந்தபோது, நான் உன் குறட்டையை நடித்துக் காட்டினதும் நீ எழுந்து சமையல்கட்டுக்குப் போனாய். தட்டு எடுக்கப் போனாய் என்று அவர்கள் நினைத்தார்கள். நான் சமையல்கட்டு வாசலில் வந்து பார்த்தேன். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாய். காது இப்படித்தான் இருந்தது. அதைப் பார்த்துவிட்டும், திரும்பிப் போய் இன்னொரு தடவை நடித்துக் காட்டினேன். ஏனென்றால் முதல் தடவை நன்றாகச் சிரித்திருந்தார்கள்.

மூன்று ஜோக்கையும் முழுங்கிவிட்டேன். வயிறு இன்னும் கனமாகத்தான் இருக்கிறது.

தையலை முடித்து நூலைப் பல்லால் கடிக்கும்போது சின்னவள் வந்து நின்றாள். மாஸ்டர் சுவரைப் பார்த்தபடியே, "அடுத்த வருஷமும் டிரம் உனக்குத்தான்" என்றார். வெளியே வந்ததும் என்னைக் கேட்டாள், "ஏம்ப்பா, சாரை ஒண்ணுமே சொல்லல?" "வாயில ஊசி இருந்துச்சு" என்றேன். சிரித்தாள். இருபது நாளைக்குப் பிறகு இப்போதுதான் சிரிக்கிறாள், நான் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ராத்திரிக்கு உட்கார்ந்து உனக்கு எல்லாவற்றையும் எழுதப் போகிறாளாம். அவள் எழுதினால் நடந்தது மட்டும்தான் இருக்கும், அதனால் நான் முந்திக்கொண்டேன்.

இனிமேல் உன்னைக் கிண்டலே பண்ண மாட்டேன் என்று சொன்னால் நீயே நம்ப மாட்டாய். எனக்கும் மூச்சு முட்டிவிடும். ஆனால் நாலு பேர் முன்னால் பண்ண மாட்டேன். உன் முகத்தைப் பார்த்துப் பண்ணுவேன், காதையும் பார்த்துக்கொள்வேன்.

நாளையும் மறுநாளும் மற்ற போட்டிகளைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை திரும்புகிறோம். பத்து மணி சுமாருக்கு உங்க அண்ணன் தெரு முனையில் இருக்கிற பெட்ரோல் பங்கில் பஸ் நிற்கும் என்று டிரைவர் சொன்னார். பதினைந்து நிமிஷம் நிற்குமாம். இருபது நிமிஷமாக்கச் சொல்லியிருக்கிறேன், அதற்காக அவருடைய காக்கிச் சட்டைக்கு இரண்டு பித்தான் தைத்துக் கொடுத்தேன். சனிக்கிழமை இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிடும் என்று தபால் ஆபீஸ்காரர் சொல்கிறார்.

ஜன்னலோர சீட்டில் என் தையல் பையை வைத்திருக்கிறேன். இன்று மைதானத்துக்குப் போகும்போதும் வரும்போதும் இரண்டு பேர் உட்காரலாமா என்று கேட்டார்கள். ஆள் வருது என்று சொல்லிவிட்டேன். கேட்டுக்கொண்டிருந்த உன் மகள் பையைக் கொஞ்சம் நகர்த்தி நேராக வைத்தாள்.

உடம்பைப் பார்த்துக்கொள். நன்றாகத் தூங்கு, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மட்டும் முழித்திரு.

இப்படிக்கு,
வாயில் ஊசியோடு,
உன் வீட்டுக்காரன்