நாற்காலிகள் காலியாக இருந்த காரணம்

நதேத்தே, கம்பாலா
ஜூலை 14

அன்புள்ள மகள் நபுக்கீராவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் உன் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் இடது முழங்கால் மட்டும் நன்றாக இல்லை. வின்னிபெக்கில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம், இப்போது அங்கே வெயில் கொளுத்துகிறது என்று சொன்னாய், அம்மா அதை நம்பவில்லை. இதையெல்லாம் ஃபோனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் நான் இரண்டு வாக்கியம் பேசுவதற்குள் அம்மா வாங்கிக்கொண்டு என்ன சாப்பிட்டே என்று ஆரம்பித்துவிடுகிறாள், அதனால் வெள்ளிக்கிழமை அங்கே வர விமானம் ஏறும் நம் பாதிரியாரின் தங்கை கையில் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன்.

நீ கேட்டதற்கு நேரான பதில், இல்லை. போரில் நம் குடும்பத்தில் யாரும் சாகவில்லை. உன் ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்யும் பெண் இணையத்தில் என் ஓவியத்தையும் அதன் பக்கத்தில் எழுதியிருந்ததையும் பார்த்துவிட்டு, உங்கப்பா இவ்வளவு பட்டிருக்காருன்னு நீ சொல்லவே இல்லையே என்று அழுதாள் என்றாய், அவளுக்கு என் நன்றியைச் சொல். எந்தச் சித்தப்பாவை என்கிட்ட மறைச்சீங்க என்று நீயும் கேட்டுவிட்டாய். உனக்கு மூன்று சித்தப்பாக்கள், மூவரும் உயிரோடு இருக்கிறார்கள், கடைசிச் சித்தப்பா நேற்று வந்து வாழைக்காய் மட்டோக்கே சாப்பிட்டுவிட்டு நிலக்கடலைக் குழம்பில் உப்பு போதவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நடந்தது இதுதான். பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதிலிருந்து நான் பிளாஸ்டிக் நாற்காலிகளைத்தான் வரைகிறேன், அது உனக்குத் தெரியும். முகோனோவில் உன் அத்தை மகளின் கல்யாணத்துக்கு முந்தின அறிமுக விழாவுக்குப் போயிருந்தபோது, சாப்பாடு தயார் என்று ஒலிபெருக்கியில் சொன்னதும் இருநூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து ஓடினார்கள். புல்வெளியில் வெள்ளை நாற்காலிகள் மட்டும் நின்றன, நாலைந்து கவிழ்ந்து கிடந்தன, ஒன்றின் மேல் ஒரு கைப்பை. நிழல் நீலமாக விழுந்திருந்தது, எனக்குப் பிடித்துப் போயிற்று. வந்து வரைந்தேன், ஒன்பது படம் ஆயிற்று. பிப்ரவரியில் ஐரோப்பாவிலிருந்து ஓர் அருங்காட்சியகத்துக்காகப் படம் தேர்ந்தெடுக்க மாரியெட்டே என்று ஒரு பெண் வந்தாள். முதலில் இங்கே ஒரு மண்டபத்தில் கண்காட்சி, பிறகு அங்கே. அவள் என் படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள், கண் கலங்கிவிட்டது. இவங்க எல்லாரும் எங்கே போனாங்க என்று மெதுவாகக் கேட்டாள். சாப்பிடப் போனாங்க என்றேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டாள். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்கிறவனுக்குத்தான் பெரிய துக்கம் இருப்பதாக அவர்கள் எடுத்துக்கொள்வார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

என் படங்களில் ஆறும் ஒரியெமின் படங்களில் மூன்றும் எடுத்தாள். ஒரியெமை நீ மறந்திருக்க மாட்டாய், எங்கள் பள்ளியில் தச்சு வேலை சொல்லிக்கொடுத்தவன், சண்டை நடந்த காலத்தில் வடக்கே கிட்கும் பக்கமிருந்து ஒரு பையோடு வந்து சேர்ந்தவன். இருபத்தைந்து வருஷமாகச் சனிக்கிழமைதோறும் நம் வீட்டில் உட்கார்ந்து ஓம்வேசோப் பலகையில் விதை போட்டு ஆடுவோம், அங்கே என்ன நடந்தது என்று அவன் சொன்னதில்லை, நான் கேட்டதுமில்லை. அவன் முட்டைக்கோசு வரைகிறான். பெரிது பெரிதாக. ஏன்யா முட்டைக்கோசு என்று ஒருமுறை கேட்டேன், நிறைய இதழ் இருக்கு, பொழுது போகும் என்றான்.

கண்காட்சி தொடங்குவதற்கு முந்தின நாள் நானும் அம்மாவும் ஒரியெமும் பார்க்கப் போனோம். என் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஓர் அட்டை ஒட்டியிருந்தார்கள். எராஸ்மஸ் செமக்குலா, யாரிடமும் பயிலாமல் தானே கற்ற மூத்த ஆப்பிரிக்கக் கலைஞர், போரில் காணாமல் போனவர்களுக்காக இவரது வெற்று நாற்காலிகள் காத்திருக்கின்றன என்று இருந்தது. அம்மா அதை உரக்கப் படித்தாள், பிறகு என்னைப் பார்த்து, மக்கரேரே பல்கலைக்கழகத்துக்கு நாலு வருஷம் போயிட்டு வந்தீங்களே, அங்கே என்னதான் பண்ணிட்டு இருந்தீங்க என்று கேட்டாள். மண்டபத்துக் காவலாளியும் என்னைப் பார்த்தார். ஒரியெமின் முட்டைக்கோசுக்குப் பக்கத்தில், ஆப்பிரிக்க மண்ணின் வளத்தையும் குன்றாத மகிழ்ச்சியையும் கொண்டாடுகிறார் என்று எழுதியிருந்தது. அவன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தன்னுடையதை ஒருமுறை படித்தான், என்னுடையதை இரண்டுமுறை. வாத்தியாரே, என்னைப் பத்தி இவங்ககிட்ட ஏதாவது சொன்னியா என்றான். சத்தியமா இல்லைய்யா என்றேன். அப்படின்னா பை மாறிப்போச்சு, என்னோடதை உனக்குக் குடுத்துட்டாங்க, எனக்குச் சந்தோஷத்தைக் குடுத்துட்டாங்க என்றான். குரல் உயரவில்லை. நேரே வெளியே போய் ஒரு வாடகை மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அந்தச் சனிக்கிழமை வரவில்லை, அடுத்த சனிக்கிழமையும் வரவில்லை. மலேரியா வந்தபோதுகூடப் போர்வையைச் சுற்றிக்கொண்டு வந்து ஆடினவன். மூன்றாவது சனிக்கிழமை அம்மாவை உட்கார வைத்து ஆடினேன், அவள் விதியை மாற்றி மாற்றி ஜெயித்தாள், எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திங்கட்கிழமை மாரியெட்டேயைப் போய்ப் பார்த்தேன். அட்டையை மாத்தணும் என்றேன். அவள் தேநீர் வரவழைத்தாள், மரியாதை தெரிந்த பெண்தான். ஆறு படத்தையும் அருங்காட்சியகம் வாங்கிக்கொள்ள ஏறக்குறைய முடிவு செய்துவிட்டது, போரும் நினைவும் என்ற பிரிவில் நிரந்தரமாக வைப்பார்கள் என்றாள். ஐயா, அங்கே ஆப்பிரிக்காவுக்குன்னு ஒரே ஒரு அறைதான் இருக்கு, காரணம் இல்லாம அதுல நாற்காலி வைக்க முடியாது, நான் சண்டை போட்டு வாங்கின இடம் ஐயா அது என்றாள். அவள் பொய் சொல்லவில்லை, பார்த்தாலே தெரிந்தது. உங்க ஊர்க்காரர் ஒருத்தர் நாற்காலி வரைஞ்சா அட்டையில என்னம்மா எழுதுவீங்க என்று கேட்டேன். நாற்காலின்னு எழுதுவோம் என்றாள். சொன்ன பிறகு அவளே பேனாவை என் பக்கம் நகர்த்தினாள். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன், பிளாஸ்டிக் நாற்காலிகள், முகோனோ, எல்லோரும் சாப்பிடப் போயிருக்கிறார்கள், வரைந்தவர் நாலு வருஷம் படித்தவர் என்று. மாலைக்குள் அதை அப்படியே அச்சடித்து ஒட்டிவிட்டாள். பத்து நாளில் அருங்காட்சியகத்திலிருந்து கடிதம் வந்தது, என் படங்களை மிகவும் ரசித்தார்களாம், இந்த முறை வாங்க இயலவில்லையாம். அம்மா அதைப் படித்துவிட்டு, மரியாதையாத்தான் எழுதியிருக்காங்க என்றாள். எனக்குப் பதிலாக ஒரியெமின் முட்டைக்கோசு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். வருத்தம் இல்லை என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் எழுதவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து நேராக ஒரியெம் வந்தான். தனியாக மண்டபத்துக்குப் போய்ப் புது அட்டையைப் படித்திருக்கிறான். முட்டைக்கோசு போகுதாமே, அதோட அட்டையை மாத்தச் சொல்லலையா என்று கேட்டேன். இருக்கட்டும், அங்கே அவங்களுக்குச் சந்தோஷம் தேவைப்படும்போல என்றான். அம்மா தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனாள். அவன் அதைக் குடித்து முடித்த பிறகு, என் தம்பியைப் புதைச்சப்போ நாற்காலியே கிடையாது வாத்தியாரே, ஊர் மொத்தமும் ஓடிப்போயிருந்தது, நாங்க நாலே பேர், நின்னுக்கிட்டே முடிச்சோம், எங்கம்மா உட்கார மட்டும் தண்ணி பிடிக்கிற ஒரு ஜெர்ரிகேனைக் கவுத்துப் போட்டேன் என்றான். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, அவன் பேர் லங்கோயா என்றான். இத்தனை வருஷத்தில் அவனுக்குத் தம்பி இருந்ததே எனக்குத் தெரியாது. அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வரைஞ்சுடாதே என்றான். வரையமாட்டேன் என்றேன். பிறகு ஆடினோம், அவன் ஜெயித்தான், ஞாயிற்றுக்கிழமை ஆடியது கணக்கில் வராது என்று நான் சொல்லிப் பார்த்தேன். இதை உனக்கு எழுதலாமா என்று போகும்போது அவனைக் கேட்டேன். நபுக்கீராவுக்குச் சொல்லலாம், நான் செஞ்ச மேஜையில படிச்சவதானே, ஆனா எங்கேயும் ஒட்டிவைக்கக் கூடாதுன்னு சொல்லு என்றான். ஆகவே படித்துவிட்டு உன்னோடு வைத்துக்கொள்.

உங்கள் ஆஸ்பத்திரியில் ஆப்பிரிக்கா விழாவுக்கு உன்னை ஆடச் சொல்கிறார்களாமே. உனக்கு ஆட வராது, சின்ன வயதிலேயே வராது, அதைச் சொல்லிவிடு, அவர்கள் புரிந்துகொள்வார்கள். நேரத்துக்குச் சாப்பிடு. பாஸ்போர்ட் நவம்பரில் முடிகிறது, இப்போதே விண்ணப்பித்துவிடு. அம்மாவின் முழங்காலுக்கு உறை அனுப்பினால் பெரிய அளவாக அனுப்பு, நடுத்தர அளவு போதும் என்று அவள் சொல்வாள், கேட்காதே. ஆண்டவர் உன் கையையும் காலையும் உன் வேலையையும் காப்பாற்றட்டும், எங்கள் இருவரின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு.

இப்படிக்கு,
உன் அப்பா,
எராஸ்மஸ் செமக்குலா
(நாலு வருஷம் படித்தவர் என்று சேர்க்கச் சொல்கிறாள் அம்மா)