லூர்தம்மாளின் சம்மதம்

12 ஜூன் 1984, செவ்வாய். கூலிம்.

மருத்துவ அறவியல் ஆய்விதழ் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டது. ஒரே நிபந்தனை, நோயாளியின் சம்மதம் வேண்டும். கட்டுரையே, புற்றுநோயை நோயாளியிடம் மறைக்கச் சொல்லும் நம் தோட்டத்துக் குடும்பங்களைப் பற்றியது. நோயைச் சொல்லாமல், அதில் வரும் நோயாளி லூர்தம்மாளிடம் எப்படிச் சம்மதம் கேட்பது?

இன்று செர்டாங் தோட்டத்திலிருந்து அம்மாவும் மகனும் வந்திருந்தார்கள். வழக்கம்போல் மகன் சவரி அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு முதலில் உள்ளே வந்தான்.

"நான் கையெழுத்து போடுறேன் டாக்டர். அம்மாகிட்ட கேக்காதீங்க லா. தெரிஞ்சா சோறே திங்காது."

மகன் கையெழுத்து செல்லாது என்றேன். முகம் சுருங்க வெளியே போய் அம்மாவை அனுப்பினான்.

பெயர் போடாமல் உங்களைப் பற்றி எழுதலாமா என்று மட்டும் லூர்தம்மாளிடம் கேட்டேன்.

"என் வயித்துக் கட்டியப் பத்தியா? எழுதுங்க. கேன்சர்னு எனக்குத் தெரியாதா? பினாங்குல கரண்டு வச்சப்பவே பக்கத்துக் கட்டில்காரி சொல்லிட்டா." சிரித்தார். "சவரிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க டாக்டரம்மா. அல்சர்னு எவ்ளோ கஷ்டப்பட்டு பொய் சொல்றான். அவனுக்குப் பொய்யே வராது. மனசு ஒடஞ்சிடுவான்."

வாசலில் சவரி மறித்தான். "அம்மாகிட்ட சொல்லலையே?"

இல்லை என்றேன். நான் சொல்லவில்லைதான்.

சம்மதம் கிடைத்துவிட்டது. ஆனால் நோயாளிக்கு எதுவும் தெரியாது என்றுதான் கட்டுரை முழுக்க எழுதியிருக்கிறேன். திருத்தினால், லூர்தம்மாள் மறைக்கச் சொன்னதையே அச்சில் ஏற்றியதாகும். சவரி அந்த இதழைப் படிக்கமாட்டான். அது வேறு விஷயம். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக ஆசிரியருக்கு நாளை எழுத வேண்டும். காரணம் கேட்பார்கள். என்ன சொல்வதென்று தெரியவில்லை.