இரண்டு சபையும் ஒரு சஹனும்

மச்சான்,

காலையிலிருந்து சிங்கப்பூர்த் தெருவெல்லாம் பட்டாசு வாசம். சீனத்தில் முதல்முறையாகப் பார்லிமெண்டு கூடியிருக்கிறதாம். அதற்கும் இரண்டு சபையாம். அச்சுக்கூடத்தில் அந்தச் செய்திக்கு எழுத்துக் கோத்தவன் நான்தான். கோக்கும்போதே சிரித்துவிட்டேன், முதலாளி முறைத்தார். உன்னைத் தெரியாத மனிதரிடம் அந்தச் சிரிப்புக்கு என்ன காரணம் சொல்வது?

முன்பு துருக்கியில் பார்லிமெண்டு கூடிய செய்தி வந்தபோது நீ ஆடிய ஆட்டம் கொஞ்சமா! டன்லப் தெருவில் கீழே உன் தொப்பிக் கடை. மாடியில் நீயும் உன் நாகூர்க்காரர்களும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்ட கூட்டு வீடு. "ஜனங்க தேர்ந்தெடுத்த சபை ஒண்ணு, நாலு வருஷம். சுல்தான் நியமிச்ச சபை ஒண்ணு, ஆயுசுக்கும். நம்ம அடுப்படிக்கும் இனிமே அதே சட்டந்தான்," என்று அறிவித்தாய். இளவட்டங்கள் புளியங்கொட்டை போட்டு ஒரு சபையைத் தேர்ந்தெடுத்தார்கள்; அதன் காலம் ஹஜ்ஜுப் பெருநாள் வரை. நரைத்த தாடிக்காரர்கள் மேல்சபை. அவர்களை யாரும் இறக்க முடியாது. இரண்டும் ஒப்பினால்தான் உலை வைக்கலாம். கீழ்ச்சபை மீன் என்னும். மேல்சபை அதற்குத் திருத்தம் சொல்லும். திருத்தம் முடிந்து ஆள் தேக்காச் சந்தைக்கு ஓடுவதற்குள் மீன்காரன் பலகையைக் கழுவிக்கொண்டிருப்பான். உங்கள் பார்லிமெண்டு பருப்புப் பார்லிமெண்டு என்று நான் கேலி செய்வேன். நீ அசைய மாட்டாய். "சட்டம்னா சட்டந்தான் மச்சான். பருப்பு ஒடம்புக்கு நல்லது."

பிறகு நான் தங்கியிருந்த வீட்டை இடித்தார்கள். ஒரு தகரப் பெட்டியோடு உன் கடை வாசலில் வந்து நின்றேன். போக எனக்கு வேறு இடமில்லை. என்னைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று நீ கேட்டாய். கீழ்ச்சபை ஒரே குரலில் சரி என்றது. மேல்சபை மறுத்துவிட்டது. அதில் மூத்தவரான மரைக்காயர் என் முகத்துக்கு நேரேதான் சொன்னார்.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. நீங்க வேற சனம். நாளைக்கி நாங்க ஆக்குறதப் பாத்து நீங்க மொகம் சுளிச்சா ரெண்டு பக்கமும் மனசு நோவும்."

அவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. நீ போட்ட சட்டமே உன் கையைக் கட்டிப்போட்டது. நான் பெட்டியைத் தூக்கினேன்.

அதற்குள் சாப்பாடு வந்துவிட்டது. உங்கள் வழக்கப்படி பெரிய சஹன் தட்டு ஒவ்வொன்றையும் சுற்றி நாலு பேர், ஒரே சோற்றில் நாலு கை, அவரவர் பக்கத்தில் மட்டும். நீ உன் சஹனில் இருந்த ஒருவனை எழுப்பி அடுத்த தட்டுக்கு அனுப்பினாய். "ஒக்காரு லா," என்றாய் என்னிடம்.

மரைக்காயர் நிமிர்ந்தார். "என்னப்பா இது? சபைதான் வேணாம்னுடுச்சே?"

"மரைக்காயர் நானா, யாரு தங்கணும், என்ன ஆக்கணும், அதுக்குத்தான் சபை. என் சஹன்ல யாரு கை வைக்கணும்னு எந்தச் சபையும் இன்னும் சட்டம் போடல. இப்பப் போடுங்க. நீங்க போட்டு முடிக்கிறதுக்குள்ள இவன் தின்னு முடிச்சிடுவான்."

யாரோ சிரித்தார்கள்; பிறகு எல்லாருமே. ஊரில் அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு கணம் தயங்கினேன். அப்புறம் கையை வைத்தேன். அன்றும் பருப்புதான்.

மறுநாள் காலை இரண்டு சபையும் விவாதமே இல்லாமல் ஒரு சட்டத்தை நிறைவேற்றின. தம்பி இங்கேயே தங்கலாம். இந்த அடுப்பில் மாட்டுக்கறி ஏறாது. அதைக் கொண்டுவந்தவர் மரைக்காயர்.

துருக்கிச் சபையை நாலு வருஷம் முடியுமுன்பே கலைத்துவிட்டார்கள். அந்தச் செய்தியையும் நான்தான் கோத்தேன். மை காயாத தாளை உன்னிடம் எடுத்து வந்தேன். ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு, "சொன்ன காலம் வரைக்குமாவது வச்சிருக்கலாம்ல மச்சான்," என்றாய். அந்த வருஷமே காய்ச்சல் உன்னைக் கொண்டுபோய்விட்டது. உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். காலம் முடியுமுன்பே நீயும்தானே எழுந்து போனாய்?

நீ போனபின் கூட்டு வீடு கலைந்தது. ஆளுக்கொரு பக்கம் போனார்கள். நான் இப்போது தனி அறையில், தனித் தட்டில் சாப்பிடுகிறேன். ஆனாலும் என் கை என் பக்கத்துச் சோற்றைத் தாண்டிப் போகப் பழகவில்லை. சாப்பிட்டு எழும்போது தட்டின் எதிர்ப்பக்கம் தொடாமல் அப்படியே இருக்கிறது.