இடது பக்கத்துக் கண்ணாடி

ஜூன் 4
நாத்தனாருக்குச் சினைப்பையில் புற்று. ஆபரேஷனில் எடுத்த சதையை இன்று எங்கள் லேபில் மெழுகில் பதித்தார்கள். பதினாலு வருஷமாக அங்கே குப்பி கழுவுகிறேன், வீட்டு ஆளுடையது வந்தது இதுதான் முதல் தடவை. சாயங்காலம் வார்டில் அவளிடம், “உன் வயித்துக்குள்ள இருந்ததையே பாத்துட்டேன், இனிமே என்கிட்ட என்னடி ரகசியம்?” என்றேன்.
“அதுலயாவது கொஞ்சம் மூளை இருந்துச்சா அண்ணி?”
“உங்க குடும்பத்துச் சதையாச்சே, எங்கேருந்து இருக்கும்?”
அவள் அண்ணன், அதுதான் என் வீட்டுக்காரர், பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

ஜூன் 9
சதையை மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் துண்டில் ஒட்டி, சாயத்தில் முக்குவார்கள். பழுப்பு ஏறினால் அந்தக் கட்டி வழக்கமான மருந்துக்கு மசியாது, வேறு மருந்து. ஏறாவிட்டால் வழக்கமானதே போதும். நாளைக்கு நாத்தனாருடையதும் அவள் பக்கத்துப் படுக்கை டீச்சருடையதும். கண்ணாடியில் யாருடையது என்று எழுதும் பென்சில் எண் மங்கலாக இருந்தது. துடைத்துவிட்டு இரண்டிலும் பேனாவால் பளிச்சென்று எழுதினேன். நம்ம ஆளுது மாறிப்போயிடக் கூடாதே.

ஜூன் 10
கண்ணாடியை முக்கும் ஸ்பிரிட்டில் பேனா மை கரைந்துவிட்டது. பென்சில் எதுக்கென்று இப்போது புரிகிறது. இரண்டிலும் எண் இல்லை. ஒன்று வெளுப்பு, ஒன்று பழுப்பு.
சாயம் போடும் பொண்ணு கேட்டாள்: “தட்டுல நீங்கதானே அடுக்குனீங்க அக்கா? உங்க நாத்தனாரோடது எந்தப் பக்கம்?”
இடது. நான் வைத்த கைக்குத் தெரியாதா? இடதில்தான் பழுப்பு.
“வலது” என்றேன்.
மெழுகிலிருந்து மறுபடி சீவலாமா என்று யோசித்தாள். வேலை மலையாகக் கிடந்தது. எழுதிக்கொண்டாள்.

ஜூன் 12
நாத்தனாருக்கு வழக்கமான ஊசி. டீச்சருக்கு வேறு. நான் என்ன பண்ணித் தொலைச்சேன்?

ஜூலை 3
இரண்டாவது ஊசி. டீச்சருக்கு வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. “கடுமையாத்தான் இருக்கு. ஆனா எனக்கு இதுதான் கேக்குமாம்” என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.
நாத்தனார் மொட்டைத் தலையைத் தடவி, “இப்பவும் உங்களவிட நான்தான் அழகு அண்ணி” என்றாள்.
“ஆமா, முட்டைக்கு மூக்கு வெச்ச மாதிரி.”
சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டேன். சத்தம் வெளியே கேட்கக் கூடாது.

ஜூலை 24
ரத்தத்தில் புற்றுக்குப் பார்க்கும் எண் நாத்தனாருக்கு முதலில் நானூற்றுப் பத்து. இறங்க வேண்டியது. இன்று அறுநூற்றுத் தொண்ணூறு. டாக்டரம்மா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கேக்கணுமே... கண்ணாடில பழுப்பே ஏறலயே?” ஊசியை நிறுத்திவைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஜூலை 25
சொல்லிவிட்டேன். சாயம் போடும் பொண்ணு திட்டவில்லை. திட்டியிருக்கலாம். இரண்டு மெழுகையும் மறுபடி எடுத்தாள். என்னை வெளியே நிற்கச் சொன்னாள்.

ஜூலை 29
பழுப்பு எங்களுடையதுதான். லேபுக்கு இனி வர வேண்டாம் என்றார்கள். டீச்சரிடம் டாக்டரம்மாவே சொல்லிவிட்டார். அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.
வீட்டில் நானே சொன்னேன். நாத்தனார் விரல் விட்டு எண்ணினாள். “ஏழு வாரம்” என்றாள். அப்புறம் அவள் அண்ணனைக் கூப்பிட்டாள்.
“நாளைக்குப் புது மருந்து. நீ மட்டும் கூட வா.”