அம்பர்நாத்வாலா யார், அத்தான்?

எதையும் லேசில் நம்பாத என் அன்பு அத்தானுக்கு,

வருகிற வியாழக்கிழமை உங்களுக்கு முதல் வருடத் திதி. அக்கா இப்போதே மாட்டுங்காவுக்குப் போய் வாழையிலைக்குச் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். தாராவியில் நம் தெருக்காரர்கள் போடும் ஆண்டு மலருக்கு உங்களைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி என்னிடம் கேட்டார்கள். புகழ்ந்து எழுதத்தான் கேட்டார்கள். எனக்கோ உங்களிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது. ஒரு மாதமாக அது என்னைத் தூங்க விடவில்லை.

தமிழில் எழுதுவதில் ஒரு வசதி உண்டு. உங்கள் இணைய ஃபோரத்து ஆட்களில் ஒருவருக்கும் தமிழ் வாசிக்க வராது. நம் வீட்டுப் பிள்ளைகளே தமிழ்க் கல்யாணப் பத்திரிகையை என்னிடம் நீட்டி, “மாமா, இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்கிறார்கள். இப்போது போனே மொழிபெயர்த்துக் கொடுத்துவிடுகிறதாம், அதையும் கேள்விப்பட்டேன். நடக்கிறது நடக்கட்டும்.

உங்களை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பகலில் கப்பல் கம்பெனி ஆபீஸில் கிளார்க். சாயங்காலம் செம்பூர் வீட்டில் பனியனோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிடி ரைட் பண்ணுகிறவர். உறவில் கல்யாணம், வளைகாப்பு, கோயில் கொடை எது நடந்தாலும் வீடியோ உங்கள் கைக்கு வந்துவிடும். ஆளுக்கொரு பிரதி போட்டுக் கொடுப்பீர்கள்.

அந்த சிடியின் மேல் பெயர் எழுதுவதில் உங்களைப் போல முரண்டு பிடிக்கிற ஆளை நான் கண்டதில்லை. ஸ்டிக்கர் கூடவே கூடாது. மும்பை மழைக்கு அது கொப்புளம் கட்டும், உரித்தால் வெள்ளிப் பூச்சையும் சேர்த்து உரித்துக்கொண்டு வரும், ஓடும்போது டிரைவுக்குள் தடதடக்கும். பால்பாயின்ட் பேனா கீறிவிடும். மெத்தென்ற முனை உள்ள மார்க்கர் ஒன்றுதான். அதிலும் நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி வளையத்தில் மட்டும், பொடிப் பொடி எழுத்தாக. என் கல்யாண சிடியை வாங்கிப் பார்த்து “இதுல என்ன எழுதியிருக்கு?” என்று கேட்ட என் மனைவிக்கு நீங்கள் பூதக்கண்ணாடி எடுத்துக் கொடுத்தீர்கள். அவள் அதை இன்னும் மறக்கவில்லை.

“மேல என்ன எழுதியிருக்கோ அதான் உள்ள இருக்கணும், மாப்ளே. இல்லன்னா ஆள ஏமாத்துதோம்னு அர்த்தம்” என்பீர்கள்.

இதே கண்ணோடுதான் இணையத்து ஃபோரத்திலும் உட்கார்ந்திருந்தீர்கள். வீட்டிலேயே சிடி போடுகிற மும்பைக்காரர்கள் கூடிப் பேசுகிற இடம் அது. எது நல்ல சிடி, எந்த மார்க்கர், ஏன் பாதியில் நின்றுபோகிறது என்று ஒருவருக்கொருவர் கேட்டுக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்துக்குள் விளம்பரக்காரர்கள் ஒட்டிக்கொண்டு நுழைவார்கள். ஒருவன் புதிதாக வந்து, சிடிக்கு நல்ல லேபிள் எது என்று அப்பாவி மாதிரி கேட்பான். சற்று நேரத்தில் இன்னொரு புது ஆள் வந்து, ஒரு லேபிள் செட்டின் பெயரை அட்டைப்பெட்டியில் அச்சடித்த மாதிரி முழுசாகச் சொல்லுவான். அவன் மாமனார் வீட்டிலும் அதைத்தான் ஒட்டுகிறார்களாம்.

நீங்கள் என்னைக் கூப்பிட்டுக் காட்டுவீர்கள். “ரெண்டும் ஒரே ஆளு. கேள்வியும் அவன், பதிலும் அவன். வீட்டுல பேசுதவன் எவனாவது ஒரு சாமானோட முழுப் பேரச் சொல்லுவானாலே? இங்க பாரு, வெல கொஞ்சம் ஜாஸ்தின்னு ஒரு குறையும் சொல்லுதான். நாம நம்பணும்லா, அதுக்கு.” பிறகு நாலு வரியில் அவன் முகமூடியைக் கழற்றி எல்லார் முன்னாலும் வைப்பீர்கள். அவன் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வர மாட்டான்.

நான் ஆளை நம்ப மாட்டேன், நீங்கள் எழுத்தை நம்ப மாட்டீர்கள். நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்தால், “ரெண்டு போலீசும் டூட்டிக்கு வந்தாச்சு” என்று சொல்லிக்கொண்டே அக்கா டீ கொண்டுவந்து வைப்பாள்.

அம்பர்நாத்தில் நான் வேலை பார்த்த ஃபாக்டரியை மூடினார்களே, அந்தச் சமயம்தான் குர்லா ஸ்டேஷனை ஒட்டி ஒரு ஆள் நிற்கிற அளவில் கடை பிடித்தேன். வெற்று சிடி, மார்க்கர், கவர். அந்த மழைக்காலம் முழுக்க ஈ ஓட்டினேன். அக்கா சாப்பாடு கட்டிக் கொடுப்பாள், ஒன்றும் கேட்க மாட்டாள். ராத்திரி பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வரும்போது நீங்கள்தான், “இன்னைக்கு யாவாரம் எப்படி?” என்பீர்கள். மழை விட்டதும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். ஃபோரத்தில் பார்த்தோம் என்றார்கள்.

போய்ப் பார்த்தால் அம்பர்நாத்வாலா, அதாவது அம்பர்நாத்காரன், என்று ஒரு ஆள். இந்தியில் எழுதியிருந்தான். ‘குர்லாவில் வண்டி மாறும்போது அந்தக் கடையில் வாங்கினேன். கடைக்காரர் சரியான சிடுமூஞ்சி. ஸ்டிக்கர் கேட்டால் திட்டி அனுப்புவார். ஆனால் சரக்கு சுத்தம், நம்பலாம்.’ ஒரு தடவை இல்லை, மாதத்துக்கு ஒன்றாவது எழுதிக்கொண்டே இருந்தான்.

எவனோ குழி தோண்டுகிறான் என்றுதான் நினைத்தேன். முதலில் புகழ்வான், பிறகு நானே ஆள் வைத்து எழுதிக்கொண்டேன் என்று அவனே கத்துவான், உங்கள் முகத்திலும் கரி பூசுவான். நேரே செம்பூருக்கு வந்து கேட்டேன், ஞாபகம் இருக்கிறதா?

“அத்தான், இது எவன் வேல?”

நீங்கள் கையில் ஒரு சிடியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தீர்கள். அதைச் சற்று முன்புதான் துடைத்து வைத்திருந்தீர்கள். “விடு மாப்ளே. யாரோ நல்ல மனுசன்” என்றீர்கள்.

நல்ல மனுசன். ஃபோரத்தில் ஒருவரை நீங்கள் அப்படிச் சொல்லி அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. அன்றைக்கே அது எனக்கு உறுத்தியது. ஊரையெல்லாம் சந்தேகப்படுகிற எனக்கு, எதிரில் உட்கார்ந்திருந்த உங்களைச் சந்தேகப்பட மட்டும் தோன்றவில்லை.

போன மாதம் நிதின் கடைக்கு வந்தார். உங்கள் ஃபோரத்தை நடத்துகிற மராட்டிக்காரர், சயானில் இருக்கிறவர், உங்கள் காரியத்துக்குக்கூட வந்திருந்தார். விளம்பரக்காரர்களைக் கண்டுபிடிக்க நீங்கள் சொன்னதையெல்லாம் சேர்த்து, உங்கள் பேரோடு முதல் பக்கத்தில் நிரந்தரமாக வைக்கப்போகிறார்களாம். அதற்காகப் பழைய பதிவுகளைத் தோண்டியிருக்கிறார். அரை கிளாஸ் கட்டிங் சாயைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கித் தயங்கி இந்தியில் கேட்டார். “எல்லாரையும் பிடித்தவர் இந்த அம்பர்நாத்வாலாவை மட்டும் ஏன் விட்டார்? மச்சினன் கடை என்பதாலா? இதற்குப் பதில் தெரியாமல் நான் எப்படி அவர் பேரைப் போடுவது?”

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு, அம்பர்நாத்வாலா எழுதியதையெல்லாம் முதலிலிருந்து படித்தேன். உங்கள் கண்ணை வைத்துக்கொண்டு படித்தேன். கேள்வி ஒருவன், பதில் இவன். கடைக்கு எப்படிப் போவது என்று அடையாளம் சுத்தமாக இருந்தது. நம்ப வைக்க ஒரு சின்னக் குறை, அதுதான் என் சிடுமூஞ்சி. இதெல்லாம் விளம்பரம் என்றுதான் சொன்னது, எழுதியவர் யார் என்று சொல்லவில்லை.

நடுவில் ஒரு பதிவு வந்தது. ‘இந்த வெள்ளி, சனி அந்தக் கடைக்குப் போகாதீர்கள், அடைத்திருக்கும். மழையில் வீணாக அலையாதீர்கள்.’

அது என் மகளுக்குக் காது குத்திய சமயம். கடை அடைக்கப்போகிறேன் என்பதை முந்தின நாள் சாயங்காலம் உங்கள் வீட்டில் உட்கார்ந்துதான் சொன்னேன். கடையில் ஒரு அட்டைகூட மாட்டவில்லை. அம்பர்நாத்தில் இருக்கிற ஒருவனுக்கு அது எப்படித் தெரியும்? எந்த விளம்பரக்காரன் கடைக்குப் போகாதே என்று எழுதுவான், அத்தான்? மற்ற எல்லாவற்றிலும் தப்பித்துவிட்டீர்கள். யாரோ முகம் தெரியாதவன் நனைந்துகொண்டு வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பிப் போகக் கூடாது என்று நினைத்தீர்கள், அதில் மாட்டிக்கொண்டீர்கள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. என் சரக்கின் தரத்துக்காக ஜனம் தேடி வருகிறது என்று இத்தனை வருஷம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேனே. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? அப்புறம் கோபம் போய் அழுகை வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அழுதேன். இன்னும் எத்தனை பேரில் எங்கெங்கே எழுதி வைத்திருக்கிறீர்களோ, யாரைக் கேட்பது?

அக்காவைக் கேட்டேன். வீட்டு சிடிகளையெல்லாம் பென் டிரைவில் ஏற்றித் தரச் சொல்லி அவள் ஒரு அட்டைப்பெட்டியோடு கடைக்கு வந்திருந்தாள். நிதின் வந்த விஷயத்தையும் சொன்னேன்.

“அவிய எழுதல. நான்தான் எழுதுனேன்” என்றாள், சட்டென்று.

“என்ன பேருல எழுதுன?”

“கடப் பேருலதான்.”

“கடைக்குத்தான் பேரே இல்லயே, அக்கா.”

“சரி, எழுதலன்னே வச்சுக்கோ. எழுதத் தெரிஞ்சிருந்தா எழுதியிருப்பேம்லா.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அவிய பேரு அங்க முதல் பக்கத்துல வரணும்ல. ஆபீஸுல அவியளுக்கு யாரு மரியாத குடுத்தா? அந்த ஒரு எடத்துலதான் அவிய பேச்சக் கேட்டாங்க. நீ என்ன சொல்லுவியோ எனக்குத் தெரியாது.”

போகும்போது போனை நீட்டி, “இந்த மைக்க அமுக்கிப் பேசுனா அதுவே எழுதிருமாமே, நெசமா?” என்று கேட்டாள். எழுதும் என்றேன். வேறு யோசனையில் இருந்ததால் அதைப் பற்றி எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அந்தப் பெட்டியில் இருந்த சிடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன். ஒன்றுகூட மாறவில்லை. வளைகாப்பு என்று எழுதியதில் வளைகாப்புதான் இருந்தது. ‘காலி’ என்று ஒன்றில் எழுதியிருந்தீர்கள். சந்தேகப்பட்டு அதையும் போட்டுப் பார்த்தேன், காலிதான். நீங்கள் பொய்யாக எழுதியது உங்கள் பேரை மட்டும்தான். அதுவும் என் கடைக்காக.

நிதின் மறுபடி வந்தபோது சொல்லிவிட்டேன். அம்பர்நாத்வாலா நான்தான், அம்பர்நாத் ஃபாக்டரியில் வேலை பார்த்தவன் நான் ஒருவன்தானே, அத்தானுக்கு ஒன்றும் தெரியாது, அவரையும் ஏமாற்றிவிட்டேன் என்றேன். “அவரையா?” என்று அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஆமாம் என்றேன். பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இப்போது முதல் பக்கத்தில் உங்கள் பேர் இருக்கிறது, அத்தான். பெரிய எழுத்தில், உங்கள் போட்டோவோடு. அதற்குக் கீழே நீங்கள் சொன்னதெல்லாம். அதற்கும் கீழே, எச்சரிக்கையாக இருக்க வேண்டிய விளம்பரத்துக்கு முதல் உதாரணமாக நம் குர்லாக் கடை. ‘இவரையே ஏமாற்றிய ஒரே ஆள்’ என்று வேறு போட்டிருக்கிறார்கள். ஃபோரத்துக்காரர்கள்தான் சமீப காலமாகப் பழைய கல்யாண சிடிகளைத் தூக்கிக்கொண்டு பென் டிரைவில் மாற்ற வந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் வருவது நின்றுவிட்டது. மொபைல் கவர் விற்கிறேன். அன்றைக்கு மாதிரியே ஈயும் ஓட்டுகிறேன்.

அக்காவிடம் அவள் போனிலேயே அந்தப் பக்கத்தைக் காட்டினேன். உங்கள் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு கடையைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். படித்துச் சொன்னேன். போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஃபோரத்தில் புதிதாக ஒரு ஆள் முளைத்திருக்கிறது. பேர் செம்பூர்வாலி, அதாவது செம்பூர்க்காரி. காய்கறி மார்க்கெட் இந்தியில் ஒரு பதிவு, நடுவில் நிறுத்தம் எதுவும் கிடையாது, ஒரே மூச்சில் பேசின மாதிரி. ‘குர்லாக் கடைக்காரன் நல்ல பையன் சிடுமூஞ்சிதான் சின்னதிலிருந்தே அப்படித்தான் ஆனால் யாரையும் ஏமாற்ற மாட்டான் நம்பிப் போகலாம் வியாழக்கிழமை மட்டும் போகாதீர்கள் கடை அடைப்பு.’

வியாழக்கிழமை அடைப்பு என்பதை நான் ஒரே ஒரு ஆளிடம்தான் சொல்லியிருந்தேன்.

நிதின் போன் பண்ணினார். இது யார், இதுவும் நீங்கள்தானா என்று கேட்டார். மேஜைமேல் கிடந்த சிடியை எடுத்துத் துடைத்துக்கொண்டே, “விடுங்கள் நிதின், யாரோ நல்ல மனுஷி” என்றேன்.

அத்தான், உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனிமேல் எவன் என் கடையைப் புகழ்ந்து எழுதினாலும் முதல் ஆளாக நானே பிடித்துக் கொடுப்பேன். செம்பூர்வாலியை மட்டும் பிடிக்க மாட்டேன். நீங்கள் ஒரு ஆளை விட்டுவைக்கலாம் என்றால் நானும் ஒரு ஆளை விட்டுவைக்கலாம்.

வியாழக்கிழமை கடையை அடைத்துவிட்டு இலை போட வருகிற,
உங்கள் சிடுமூஞ்சி மச்சினன்,
துரை